சட்டம் யார் கையைப் பிடிக்க வேண்டும்?

(புகையிலை, விளையாட்டில் ஊக்கமருந்து ஆகியவற்றில் அரசின் கட்டுப்பாடு குறித்துத் திருநெல்வேலியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



உடற்கல்வி ஆசிரியர் ஒருவரின் நினைவாக, அவரிடம் பயின்றவர்கள் கூடி ஏற்படுத்திய அறக்கட்டளை இது. விளையாட்டையோ உடல்நலத்தையோ ஒட்டி ஆண்டுக்கு ஒருவர் பேச வேண்டும் என்பது இதன் விதி. நான் சட்டம் கற்பிப்பவன். ஆகவே இவ்விரண்டும் சட்டத்தோடு உரசுகிற இடத்திலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டேன். ஒருவர் புகைப்பதையும், ஒரு வீரர் ஊக்கமருந்து எடுப்பதையும் கட்டுப்படுத்த அரசுக்கு உரிமை உண்டா? உண்டென்றால் எதுவரை?

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உரிமை உண்டு, கடமையும் உண்டு. ஆனால் நம் சட்டங்கள் பெரும்பாலும் எளிதில் அகப்படுகிற கையைப் பிடிக்கின்றன. புகைப்பவரும் ஓடுபவரும் மாட்டிக்கொள்கிறார்கள். தயாரித்தவரும் விற்றவரும் ஊசி போட்டவரும் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடுகிறார்கள். இதைத்தான் இன்று சற்று விரித்துச் சொல்லப் போகிறேன்.

என் உடல், என் காசு

“என் உடல், என் காசு, என் நுரையீரல். இதில் அரசுக்கு என்ன வேலை?” இந்தக் கேள்வியை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. 1859இல் ஜான் ஸ்டூவர்ட் மில் ‘சுதந்திரம் குறித்து’ என்ற நூலில் வகுத்த எல்லை இன்றும் சட்ட மாணவர்களுக்கு அடிப்படைப் பாடம். ஒருவரின் செயல் பிறருக்குத் தீங்கு செய்யும்போது மட்டுமே அரசு குறுக்கிடலாம். ‘உன் நன்மைக்காகத்தான்’ என்று சொல்லி வற்புறுத்தக் கூடாது. இந்த எல்லையை நான் மதிக்கிறேன். யார் என்ன உண்கிறார்கள், என்ன குடிக்கிறார்கள் என்று வீட்டுக்குள் எட்டிப் பார்க்கப் பழகிய அரசு அத்தோடு நின்றுவிடாது.

ஆனால் அதே மில் தம் விதி வயது வந்தவர்களுக்கு மட்டும்தான் என்றும் சொல்லியிருக்கிறார். புகையைப் பலர் பழகுவது பள்ளி, கல்லூரி வயதில். நிகோட்டின் பிடித்துக்கொண்ட பிறகு ‘இது என் விருப்பம்’ என்று சொல்பவரின் பேச்சில் எவ்வளவு விருப்பம், எவ்வளவு பழக்கம் என்று பிரித்துப் பார்ப்பது கடினம். அடுத்தது, காற்று யாருடைய தனிச் சொத்தும் அல்ல. பேருந்தில் ஒருவர் பற்றவைத்தால் பின் இருக்கையில் மடியில் இருக்கும் குழந்தையும் சேர்ந்துதான் இழுக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி புகையிலையால் ஆண்டுதோறும் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். அவர்களில் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் தாம் புகைக்காதவர்கள். பிறர் விட்ட புகையைச் சுவாசித்தவர்கள். இந்தியாவில் மட்டும் புகையிலை ஆண்டுக்கு ஏறத்தாழ 13 லட்சம் உயிர்களைக் கொண்டுபோகிறது.

நம் நாட்டில் இதை முதலில் உரக்கச் சொன்னவை நீதிமன்றங்கள். 1999இல் கேரள உயர் நீதிமன்றம் பொது இடங்களில் புகைப்பதைத் தடுத்தது. 2001 நவம்பரில் முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவமனை, பள்ளி, நூலகம், நீதிமன்றம், ரயில், பேருந்து ஆகிய இடங்களுக்கு அந்தத் தடையை நாடு முழுதும் விரித்தது. புகைக்காதவர் எதற்காகப் புகைப்பவரின் நோயைச் சுமக்க வேண்டும் என்பதே வழக்கின் சாரம். 2003இல் நாடாளுமன்றம் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டத்தை இயற்றியது. அன்புமணி ராமதாஸ் ஒன்றிய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத் தடை விதிகள் கடுமையாக்கப்பட்டன. இன்று ரயில் பெட்டியில் எவரும் துணிந்து பற்றவைப்பதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் ரயிலில் போனவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும். ஆகவே சட்டத்தால் பழக்கத்தை மாற்ற முடியாது என்ற வாதம் நிற்காது.

பெட்டிக்கடையில் நின்று பார்த்தால்

இனி அந்தச் சட்டத்தின் மறுபக்கம். ஏதாவதொரு பெட்டிக்கடை முன் பத்து நிமிடம் நின்று பாருங்கள். வருகிறவர் பாக்கெட்டாக வாங்குவது குறைவு. “ஒண்ணு குடுங்கண்ணே” என்று காசை நீட்டுகிறார். கடைக்காரர் திறந்திருக்கும் பெட்டியிலிருந்து ஒற்றைச் சிகரெட்டை உருவிக் கொடுக்கிறார். கயிற்றில் கட்டித் தொங்கும் லைட்டரை இழுத்துப் பற்றவைத்துக்கொண்டு அவர் நகர்கிறார். 2016 ஏப்ரல் முதல் பெட்டியின் இரு பக்கமும் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும் என்பது விதி. உலகின் மிகப் பெரிய எச்சரிக்கைகளில் அதுவும் ஒன்று. ஆனால் ஒற்றையாக வாங்குகிறவர் அந்தப் படத்தைப் பார்ப்பதே இல்லை. படம் கடைக்காரர் பக்கம் இருக்கிறது, சிகரெட் இவர் கையில் இருக்கிறது. மகாராஷ்டிரம் 2020இல் சில்லறை விற்பனையைத் தடை செய்தது. 2003ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை.

தண்டனைப் பிரிவுகளைப் படித்தால் இன்னும் தெளிவாகப் புரியும். பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்றாலும், கல்வி நிறுவனத்திலிருந்து நூறு கஜத்துக்குள் விற்றாலும் அதே 200 ரூபாய்தான். தடைசெய்யப்பட்ட விளம்பரம் செய்தால் முதல் முறை இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எச்சரிக்கை இல்லாமல் தயாரித்து வெளியிட்டால் நிறுவனத்துக்கு முதல் முறை அபராதம் 5,000 ரூபாய் வரை. சிறை என்ற சொல் ஏட்டில் இருக்கிறது. நடைமுறையில் எஞ்சுவது அபராதம். ஒரு கூலித் தொழிலாளிக்கு 200 ரூபாய் என்பது அரை நாள் உழைப்பு. ஆயிரம் கோடிகளில் விற்கிற நிறுவனத்துக்கு 5,000 ரூபாய் என்பது அலுவலகத்தில் ஒரு நாள் தேநீர்ச் செலவு. இந்தத் தொகைகள் 2003இல் எழுதப்பட்டவை.

மைதானத்துக்குள் வந்த சிகரெட்

புகையிலையையும் விளையாட்டையும் நான் வலிந்து சேர்ப்பதாக நினைக்க வேண்டாம். அவற்றை வணிகம் எப்போதோ சேர்த்துவிட்டது. 1996 கிரிக்கெட் உலகக் கோப்பையின் பெயரே வில்ஸ் உலகக் கோப்பை. இந்திய அணி வீரர்களின் சட்டையில் அந்தச் சிகரெட் பெயர் ஆண்டுக்கணக்கில் இருந்தது. அதே காலத்தில் சென்னை நுங்கம்பாக்கத்தில் நடந்த சர்வதேச டென்னிஸ் போட்டிக்குக் கோல்ட் ஃப்ளேக் ஓபன் என்று பெயர். ஓடுகிற, குதிக்கிற, வெல்கிற உடல்களின் மேல் சிகரெட்டின் பெயர் எழுதப்பட்டிருந்தது. தடை வரப்போகிறது என்று தெரிந்ததும் 2001இல் அந்தச் சிகரெட்டுகளைத் தயாரித்த நிறுவனம் விளையாட்டு ஆதரவிலிருந்து விலகிக்கொண்டது.

விலகியது சிகரெட் மட்டும். இன்று கிரிக்கெட் ஒளிபரப்பின் நடுவே ஏலக்காய் விளம்பரம் வருகிறது. பெரிய நடிகர்களும் முன்னாள் வீரர்களும் ஏலக்காயை வாயில் போட்டுச் சிரிக்கிறார்கள். ஏலக்காய் விற்க இவ்வளவு பெரிய நட்சத்திரங்கள் எதற்கு என்று பள்ளிப் பையனுக்கும் தெரியும். அந்தப் பெயரில் வேறு என்ன விற்கிறது என்றும் தெரியும். சட்டத்தின் எழுத்தை மீறாமல் சட்டத்தைத் தோற்கடிப்பது இப்படித்தான். அரசு கட்டுப்படுத்த வேண்டியது இந்த விளம்பரங்களைத்தான். இங்கே மில்லின் ஆட்சேபம் எழாது. யாருடைய உடலிலும் அரசு கை வைக்கவில்லையே.

ஊக்கமருந்து: விளையாட்டே கவனித்துக்கொள்ளாதா?

1960 ரோம் ஒலிம்பிக்கில் டென்மார்க்கின் சைக்கிள் வீரர் க்னுத் எனமார்க் யென்சன் போட்டியின் நடுவே விழுந்து இறந்தார். 1967இல் பிரான்சின் மோன் வான்டூ மலைச்சரிவில் இங்கிலாந்தின் டாம் சிம்ப்சன் சரிந்தார். அவர் உடலில் ஆம்பெட்டமின் இருந்தது. மறு ஆண்டு ஒலிம்பிக்கில் பரிசோதனை தொடங்கியது. முதலில் அகப்பட்டவர் ஸ்வீடனின் லில்யென்வால். துப்பாக்கி சுடும்போது கை நடுங்காமல் இருக்கக் கொஞ்சம் பீர் குடித்திருந்தார்.

இது விளையாட்டு அமைப்புகளின் உள்விவகாரம், அரசுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. இன்னும் ஒரு படி மேலே போய், மருத்துவக் கண்காணிப்பில் ஊக்கமருந்தை அனுமதித்துவிடலாம் என்று தத்துவப் பேராசிரியர் ஜூலியன் சவுலெஸ்கு 2004இல் வாதிட்டார். பாதுகாப்பான அளவை மட்டும் சோதித்தால் போதும், ஏமாற்று ஒழியும் என்பது அவர் கட்சி. கேட்க நியாயமாகவே இருக்கும். ஆனால் அனுமதி வந்துவிட்டால் மருந்து வேண்டாம் என்பவரின் நிலை என்ன? அவர் தோற்க வேண்டும், அல்லது விலக வேண்டும். ஒருவரின் விருப்பம் பக்கத்து ஓடுபாதைக்காரரின் கட்டாயமாகிவிடுகிறது. தனக்கு மட்டுமே தீங்கு என்ற வாதம் அங்கே முறிகிறது. மருத்துவக் கண்காணிப்பு என்கிறார்களே, அது பணக்கார நாட்டு வீரருக்குக் கிடைக்கும். கிராமத்துப் பெண்ணுக்குக் கிடைப்பது ஜிம்மில் பெயர் ஒட்டாத புட்டிதான்.

வள்ளுவர் அதிகார முறையில் கள்ளுண்ணாமை 93, சூது 94, மருந்து 95 என்று அடுத்தடுத்து வருவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஊக்கமருந்தில் பின்னிரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

இந்தியாவின் நிலை வெட்கப்படத் தக்கது. 2024இல் 7,113 மாதிரிகள் சோதிக்கப்பட்டதில் 260 மாதிரிகளில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது. நூற்றுக்கு மூன்றரைக்கும் மேல். அதிகம் சோதிக்கும் பெரிய நாடுகளில் தொடர்ந்து மூன்றாம் ஆண்டாக நாமே முதலிடம். 2023 செப்டம்பரில் தில்லி மாநிலத் தடகளப் போட்டியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்று செய்தி பரவியது. ஆடவர் 100 மீட்டர் இறுதிப் போட்டியின் தொடக்கக் கோட்டில் ஒரே ஒருவர்தான் நின்றார். மற்றவர்கள் வரவில்லை. அரங்கத்தின் கழிப்பறையில் பயன்படுத்திய ஊசிகள் கிடந்தன. அவர்களில் எத்தனை பேர் ஒலிம்பிக் கனவில் ஊசி போட்டிருப்பார்கள்? விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு காவலர் வேலை, ஒரு ரயில்வே வேலை. அதற்கு ஒரு மாநிலச் சான்றிதழ் போதும். ஊக்கமருந்தின் வேர் நம் நாட்டில் வேலையின்மையில் இருக்கிறது என்பதை மறந்துவிட்டு ஒழுக்கம் பேசிப் பயனில்லை.

நம் மாநிலத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. திருச்சி அருகே முடிகண்டம் என்ற சிற்றூரிலிருந்து வந்த கோமதி மாரிமுத்து 2019 ஏப்ரலில் தோஹாவில் ஆசியத் தடகளப் போட்டியின் 800 மீட்டரில் தங்கம் வென்றார். தமிழ்நாடே கொண்டாடியது. பின்னர் அவர் மாதிரிகளில் நாண்ட்ரலோன் தொடர்பான பொருள் இருந்ததாகச் சொல்லி நான்காண்டுத் தடை விதித்தார்கள், பதக்கமும் போனது. தடைசெய்யப்பட்ட எதையும் தான் எடுத்ததில்லை என்று அவர் மறுத்தார். உடலுக்குள் இருப்பதற்கு வீரரே பொறுப்பு என்பது உலக விதி. விதிப்படி தீர்ப்பு சரி என்றே வைத்துக்கொள்வோம். நாண்ட்ரலோன் மரத்தில் காய்ப்பதல்ல. மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துப் பட்டியலில் இருப்பது. ஒரு வீரரின் உடலில் அது இருக்கிறதென்றால் அதை யாரோ தயாரித்தார்கள், யாரோ விற்றார்கள். அந்த ‘யாரோ’க்களைத் தேடுவது எவர் வேலை?

இங்கேதான் அரசு தேவைப்படுகிறது. விளையாட்டு அமைப்பின் தடை, விளையாட்டுக்குள் இருப்பவரை மட்டுமே தொடும். வீரரைத் தடுக்கலாம், பயிற்சியாளரைத் தடுக்கலாம். மருந்துக்கடையைச் சோதிக்க, கிடங்கைப் பூட்ட, கலப்படச் சத்துமாவு விற்பவரைக் கைது செய்ய அதற்கு அதிகாரம் கிடையாது. அமெரிக்கா 2020இல் இயற்றிய ரோட்சென்கோவ் சட்டம் இந்த வகையில் பாடமானது. சர்வதேசப் போட்டிகளில் ஊக்கமருந்து ஏற்பாடு செய்பவர்களை அது குற்றவாளிகளாக்குகிறது. எடுத்துக்கொண்ட வீரரை விட்டுவிடுகிறது. நைஜீரிய ஓட்ட வீராங்கனை பிளெஸ்ஸிங் ஒகாக்பாரேக்கு விளையாட்டுத் தடை தனியே வந்தது. அவருக்கு மருந்து கொடுத்த டெக்சாஸ்காரர் எரிக் லிராவோ 2024இல் சிறைத் தண்டனை பெற்றார். நமது தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் 2022இல் வந்தது. வழங்குபவரைச் சிறைக்கு அனுப்பும் பிரிவு அதில் இல்லை.

ஒரு சிறு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2019இல் கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷா எட்டு மாதம் தடைசெய்யப்பட்டார். காரணம் இருமல் மருந்தில் இருந்த டெர்பியூட்டலின். கடைக்குப் போய் “இருமலுக்கு ஒரு மருந்து குடுங்க” என்று கேட்டு வாங்கிக் குடிக்கும் நம் வழக்கம் வீரருக்கு ஆபத்து. மாவட்ட அளவில் ஓடுகிற பிள்ளைகளுக்கு இதை யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? நாட்டுக்கு வேண்டிய சட்டங்களில் பாதியை ஒரு நல்ல உடற்கல்வி ஆசிரியர் தேவையற்றதாக்கிவிடுவார்.

அரசே ஆட்டத்தில் இறங்கினால்

அரசு கட்டுப்படுத்த வேண்டும் என்கிறேன். அந்த அரசை யார் கட்டுப்படுத்துவது? ஊக்கமருந்து வரலாற்றின் மிக இருண்ட பக்கங்களை எழுதியவை அரசுகளே. கிழக்கு ஜெர்மனி 1970களில் அரசுத் திட்டமாகவே, பதின்ம வயதுச் சிறுமிகள் உட்பட ஆயிரக்கணக்கானோருக்கு ஆண் ஹார்மோன் மாத்திரைகளைக் கொடுத்தது. பலரிடம் அவை வைட்டமின் என்று சொல்லப்பட்டது. விளையாட்டுத் துறைத் தலைவர் மன்ஃப்ரெட் எவால்ட் 2000இல்தான் பெர்லின் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார். 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் ரஷ்யாவின் உளவுத் துறையே சிறுநீர்ப் புட்டிகளை மாற்ற உதவியதை 2016இல் மெக்லாரன் அறிக்கை வெளிப்படுத்தியது.

நம் அரசு அந்த வகையல்ல என்று நிம்மதியடைய வேண்டாம். நாட்டின் மிகப் பெரிய சிகரெட் நிறுவனமான ஐ.டி.சி.யில் அரசுடைமையான ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஏறத்தாழ 15 சதவீதப் பங்கு வைத்திருக்கிறது. புகையிலைச் சாகுபடியையும் ஏற்றுமதியையும் வளர்க்க, வணிக அமைச்சகத்தின் கீழ் குண்டூரில் 1976 முதல் புகையிலை வாரியம் இயங்குகிறது. ஓர் அமைச்சகம் எச்சரிக்கைப் படம் அச்சிடச் சொல்கிறது. இன்னொன்று விற்பனைக்கு வழி பார்க்கிறது. மதுக்கடையை அரசே நடத்தும் மாநிலத்தில் வாழும் நமக்கு இந்த இரட்டை வேடம் புதிதல்ல. 2022ஆம் ஆண்டின் ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டத்திலும் இதே கோளாறு இருந்தது. அரசு நியமிக்கும் வாரியத்துக்கு மேல்முறையீட்டுக் குழுவின் மீது அதிகாரம் கொடுத்திருந்தார்கள். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை ஆட்சேபித்தது. 2025இல் சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் இயற்றுவதும் அமல்படுத்துவதும் அரசின் வேலை. அதன் லாபத்தில் பங்கும், தீர்ப்பில் நாற்காலியும் அதற்கு இருக்கக் கூடாது.

தடையும் அதன் எல்லையும்

முழுத் தடையே தீர்வு என்பவர்களும் உண்டு. பூடான் 2004இல் புகையிலை விற்பனையை முற்றாகத் தடுத்தது. கடத்தல் வளர்ந்தது. கொரோனா காலத்தில் எல்லை தாண்டி வரும் கடத்தல்காரர்களால் தொற்று பரவும் என்று அஞ்சி, 2021இல் தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. 2019இல் இந்தியா மின்சிகரெட்டைத் தடைசெய்தது. சாதாரணச் சிகரெட் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. மாலத்தீவு 2025 நவம்பர் முதல் வேறொரு வழியை முயல்கிறது. 2007 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்கு எந்த வயதிலும் புகையிலை விற்கக் கூடாது. அதற்கு முன் பிறந்து இன்று புகைக்கிறவரை அது குற்றவாளியாக்கவில்லை. அடுத்த தலைமுறைக்குப் போகும் விற்பனை வாசலை அடைக்கிறது. நான் மதிப்பது இந்த வகைச் சட்டத்தை.

பீடி சுற்றும் வீடுகள்

இந்த ஊரில் நின்று புகையிலையைப் பேசிவிட்டுப் பீடியைப் பேசாமல் போக முடியாது. மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம், கடையநல்லூர் என்று எத்தனை ஊர்களில் திண்ணை திண்ணையாகப் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். மடியில் தட்டு. நனைத்து ஈரத்துணியில் சுற்றிவைத்த இலையை அளவுத் தகட்டில் வைத்துக் கத்தரிக்கிறார்கள். ஒரு சிட்டிகைத் தூளைப் பரப்பி உருட்டி, நுனியை மடக்கி, நூலால் இறுக்குகிறார்கள். கண் தொலைக்காட்சியில் இருந்தாலும் விரல் நிற்பதில்லை. மாலையில் பீடிக்கடைக்குக் கொண்டுபோனால் சரியில்லை என்று கொஞ்சம் கழிக்கப்படும். கொடுத்த இலை போதாமல் கைக்காசில் இலை வாங்கி ஆயிரம் பீடிக் கணக்கை நிறைப்பவர்களும் உண்டு. அந்தத் தூளைச் சுவாசிப்பது இவர்கள்தான். எந்தப் பெட்டியின் எச்சரிக்கைப் படமும் இவர்களுக்காக அச்சிடப்பட்டதல்ல.

பீடிக்கு வரியைக் கூட்டச் சொன்னால் இந்தப் பெண்களை முன்னால் நிறுத்துகிறார்கள். 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மன்றம் மற்றப் புகையிலைப் பொருட்களுக்கு 40 சதவீதம் என்றும் பீடிக்கு 18 சதவீதம் என்றும் முடிவெடுத்தது. பீடிப் புகை சிகரெட் புகையைவிட நல்லது என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. சரி, சலுகை தொழிலாளிக்காக என்றால் அது அவளிடம் போய்ச் சேர்கிறதா? 1976இல் ஏற்படுத்திய பீடித் தொழிலாளர் நல நிதிக்கு ஆதாரமாக இருந்த தீர்வையை 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது எடுத்துவிட்டார்கள். வரிச்சலுகை முதலாளிக்கு, இருமல் தொழிலாளிக்கு என்றாகிவிட்டது. பீடிக்கும் சிகரெட்டுக்கும் ஒரே அளவில் வரி போட்டு, கூடுதலாக வருவதை இந்தக் குடும்பங்களின் மாற்றுத் தொழிலுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் ஒதுக்கினால் அந்தச் சட்டத்தில் நியாயம் இருக்கும்.

முடிவாகச் சில கோரிக்கைகள். புகையிலைச் சட்டத்தின் அபராதங்கள் நிறுவனத்தின் விற்பனைக்கு ஏற்ப உயர வேண்டும். ஒற்றைச் சிகரெட் விற்பனையும் ஏலக்காய் வேட விளம்பரமும் நிற்க வேண்டும். அரசுடைமை நிறுவனங்கள் சிகரெட் பங்குகளை விற்று வெளியேற வேண்டும். ஊக்கமருந்து வழங்குபவர் மீது குற்றவியல் வழக்கு வேண்டும்; தெரியாமல் அகப்பட்ட இளம் வீரருக்கு அரசு செலவில் வழக்கறிஞர் வேண்டும். மாவட்டப் போட்டி நடக்கும் ஒவ்வொரு மைதானத்திலும் மருந்து பற்றிச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்.

மாணவர்களே, உங்களில் சிலர் நாளை சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலும் உட்காரப் போகிறீர்கள். புகைத்தவரையும் ஓடியவரையும் உங்கள் முன் கொண்டுவந்து நிறுத்தும்போது, “இவருக்கு இதைக் கொடுத்தது யார்?” என்று முதலில் கேளுங்கள். அந்தப் பதில் கிடைக்கும்வரை கோப்பை மூடாதீர்கள்.